அம்மா வரைந்த இத்தாலிக்காரி

நம் பள்ளித் தோழிகள் குழுவில் ஒரு மாதமாக அம்மாக்களின் சமையலைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ஒருத்தியின் அம்மா வைத்த நண்டுக் குழம்பு, இன்னொருத்தியின் அம்மா சுட்ட அச்சுமுறுக்கு. நீ மட்டும் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்கிறீர்கள். எழுத என்னிடம் இருப்பது டின்னில் அடைத்த சார்டின் மீன்தான். நாம் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு ஆறாம் வகுப்புக்குக் காத்திருந்த அந்த வருடக் கடைசி விடுமுறையில், எங்கள் வீட்டில் மத்தியானம் சார்டின், ராத்திரியும் மிச்சமிருந்த சார்டின். அம்மா ஓர் இத்தாலிக்காரியை வரைந்துகொண்டிருந்தார். சமைக்க அவருக்கு நேரமில்லை.

அறுபது வயதில் இதை எழுத உட்கார்ந்தால் இன்னமும் கோபம்தான் முதலில் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுடையது கடைசிக்கு முந்தின வீடு. உங்களில் நாலைந்து பேர் வந்திருக்கிறீர்கள். ஒரு கூடம், இரண்டு அறை, பின்னால் சமையல்கட்டு. அப்பா வடக்கே போகும் ரயில்களில் கார்டு. கதவுக்குப் பின்னால் அவருடைய பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் சுருட்டி வைத்திருக்கும். நானும் அண்ணனும் அதைத் தொட்டால் உதைதான்.

அம்மா படம் போடுவார். அப்பாவின் பழைய டூட்டித் தாள்களின் பின்பக்கத்தில், பென்சிலில். சைக்கிளில் வரும் மீன்காரர், பிரசங்கத்தின் நடுவே தூங்கி வழியும் எதிர்வீட்டுத் தாத்தா, பேன் பார்க்கக் குனிந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரி. நாலே கோடு இழுப்பார், ஆள் வந்து நிற்கும். நானும் அண்ணனும் வயிறு வலிக்கச் சிரிப்போம். அதற்குப் பிறகு அதே தாளில் வெங்காயத் தோலை மடித்துக் குப்பையில் போட்டுவிடுவார். ஒன்றுகூட இப்போது இல்லை.

அந்த வருடம் என் அண்ணனுக்குக் கோயிலில் நடந்த உறுதிபூசுதல் சடங்குக்காகக் குடும்பப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனோம். எங்கள் முறைக்குக் காத்திருந்தபோது அம்மா ரசீதின் பின்னால் ஸ்டூடியோக்காரரையே வரைந்துவிட்டார். கருப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கி நிற்கிற மாதிரி. அவர் அதைப் பார்த்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"தங்கச்சி, பென்சில்ல போடறது ஒண்ணு. ஆயில்ல போட வருமா?"

அம்மா சிரித்தார். "ஆயில் எங்கண்ணே? சட்டியில ஊத்தறதுதான் எனக்குத் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. செத்துப்போன அப்பா அம்மாவின் ஐசி அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து, பெரிதாக ஆயிலில் போட்டுக் கொடு, கூடத்தில் மாட்ட வேண்டும் என்று ஆட்கள் கேட்கிறார்களாம். இதுவரை போட்டுக்கொண்டிருந்த ஓவியர் கண் மங்கிப்போய், ஈப்போவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டாராம். ஆள் இல்லை. உள்ளே போய், ஒரு பெரிய புத்தகத்திலிருந்து கழன்ற வழவழப்பான தாளொன்றை எடுத்துவந்தார்.

"ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு இத்தாலிக்காரர் போட்டது. மாஸ்டர்னா அவருதான் மாஸ்டர். இதப் பாத்து அப்படியே போட்டுட்டு வாங்க. அப்படியேன்னா அப்படியே, ஒரு முடி மாறக் கூடாது. இது கைக்கு வந்துட்டா எந்த மூஞ்சியும் வரும். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள கொண்டாங்க. அதுக்கு மேல வெய்ட் பண்ண முடியாதுலா, ஆளுங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க."

வழியெல்லாம் அம்மா அந்தத் தாளைத் தன் குடைக்குள் பிடித்துக்கொண்டு வந்தார். நானும் அண்ணனும் நனைந்தோம்.

அந்தப் பெண்ணை எனக்கு இன்றும் மனப்பாடமாகத் தெரியும். அகன்ற நெற்றி, மயிரே இல்லாத புருவம், கழுத்தில் ஒரு கருப்புக் கயிறு, பின்னால் பாசி பிடித்த குளம் மாதிரி ஒரு பச்சை. சிரிக்கிறாளா, அழப்போகிறாளா என்று சொல்ல முடியாத உதடு. படத்தின் கீழ்ப்பக்கம் கிழிந்திருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே கைகள் இல்லை. ஓவியரின் பெயர் மேலே அச்சாகியிருந்தது. அம்மா அதைத் திங்கட்கிழமை ஒரு மாதிரியும் வெள்ளிக்கிழமை வேறு மாதிரியும் உச்சரித்தார்.

மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு கடையில் டியூப்புகள் வாங்கினார். வெள்ளை, காவி, இரண்டு பழுப்பு, ஒரு சிவப்பு, ஒரு நீலம், கருப்பு. கூடவே கடைக்காரர் தலையில் கட்டிய 'தோல் கலர்' டியூப் ஒன்று. கேன்வாஸுக்கு வழியில்லை. ஹார்ட்போர்டு ஒன்றை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, வீட்டுச் சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்டை இரண்டு பூச்சு பூசிக் காயவைத்தார். அச்சுப் படத்தின்மேல் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிக் கட்டம் போட்டார். பலகையிலும் பென்சிலால் கட்டம். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் பார்த்து இறக்கினார். நாலு கோட்டில் மீன்காரரைக் கொண்டுவந்து நிறுத்திய கை, மூக்குக்கு மட்டும் மூன்று நாள் எடுத்துக்கொண்டது.

"முதல்ல பழுப்பு, அது மேல வெள்ள, அப்புறம் கலர மெல்லிசா, கண்ணாடி மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு" என்று ஸ்டூடியோக்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். நம் ஊர் டிசம்பர் மழையைப் பற்றி அவர் சொல்லவில்லை. அந்த இத்தாலிக்காரருக்கும் அது தெரிந்திருக்காது. ஒரு பூச்சு காய்ந்தால்தான் அடுத்தது. இங்கே ஒரு பூச்சு காய ஒரு வாரம் ஆனது. காலையில் எழுந்து பார்த்தால் அவள் கன்னத்தில் இரண்டு கொசு, நெற்றியில் ஓர் ஈசல் சிறகு. அம்மா ஊசியால் ஒவ்வொன்றாக எடுப்பார். பொறுக்க முடியாமல் ஈரத்தின்மேலேயே அடுத்த பூச்சைப் போடுவார். இரண்டும் கலந்து சேறாகிவிடும். துணியை டர்பன்டைனில் நனைத்து எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு மறுபடி பழுப்பிலிருந்து தொடங்குவார். வீடு முழுக்க டர்பன்டைன் வாடை. சோற்றில்கூட அது ஏறியிருந்தது.

அந்தத் தோல் கலர் டியூப்பைப் போட்ட நாளில் அப்பா டூட்டி முடித்து வந்து, தொப்பியைக் கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார்.

"ஏம்மா, இறால வேகவெச்ச மாதிரி இருக்கு?"

அம்மா அன்று யாரோடும் பேசவில்லை. சார்டினும் இல்லை.

டிசம்பர் தொடங்கியதும் கைகளுக்கு வந்தார். அச்சில் இல்லாத கைகள். ஸ்டூடியோக்காரர் 'அப்படியே' என்று சொல்லியிருக்கிறாரே, கையில்லாமல் எப்படி? என்னைக் கூப்பிட்டு ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்தார். கைப்பிடியின்மேல் ஒரு கை, அதன்மேல் இன்னொரு கை. "இப்படியே வெச்சிருடா. பத்து நிமிஷம்தான்."

பத்து நிமிஷம் இருபது நாள் ஆனது.

நீங்களெல்லாம் அப்போது திடலில் ரவுண்டர்ஸ் விளையாடினீர்கள். உங்கள் கூச்சல் ஜன்னல் வழியே கேட்கும். எனக்கு மூக்கு அரிக்கும், கால் மரத்துப்போகும், ஈ வந்து விரல்மேல் உட்காரும். "அசையாதே" என்பார் அம்மா. என் முகத்தை அவர் பார்க்கவே மாட்டார். கை, பலகை, கை, பலகை. என் நகத்தைக் கடித்த இடம், இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு, பேனா மை ஊறிய நடுவிரல் எல்லாவற்றையும் உற்றுப் பார்ப்பார். கட்டமும் இல்லை, நூலும் இல்லை. கையை வரையும்போது மட்டும் அம்மா முனகிக்கொண்டே ஏதோ பாடுவார். முகத்துக்குப் போனால் பாட்டு நின்றுவிடும். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. என் கை என்னுடையதாக இல்லையே என்ற எரிச்சல் மட்டும்தான்.

கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது ரவாங்கிலிருந்து அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு அங்கே மகனோடு இருந்தார். வருடா வருடம் கிறிஸ்மஸுக்கு வந்து பலகாரம் சுட்டு வைத்துவிட்டுப் போவார். அப்பாவை வளர்த்தவரே அவர்தான். அம்மாவை இழந்த தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு எஸ்டேட்டில் வேலைக்குப் போனவர். அப்பா அவரிடம் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்.

வாசலிலேயே அத்தைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. திரைச்சீலை துவைக்கவில்லை. மாவு இடிக்கவில்லை. கிறிஸ்மஸ் குடில் வைக்கும் மூலையில் டர்பன்டைன் போத்தல்.

"யாரு இந்த வெள்ளக்காரி?"

"ஒரு பெரிய ஓவியர் போட்டது அண்ணி. அதப் பாத்துப் பழகறேன்."

"மாதா படம்னாலும் பரவால்ல. எவளோ ஒருத்திய நடு வீட்டுல ஒக்கார வெச்சு, என் தம்பிக்கு டின்னுல அடைச்ச மீனப் போடற. நல்லா இருக்கும்மா."

அம்மா தூரிகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒட்டடை அடித்தார், மாவு சலித்தார், எங்களுக்கு இரண்டு வாரத்தில் முதல்முறையாகக் கோழிக் குழம்பு வைத்தார். எனக்கு அத்தையைப் பிடித்தது அந்தக் குழம்புக்காகத்தான் என்றால் அதுவும் உண்மைதான். ஆனால் வேலை செய்துகொண்டே பேசிக்கொண்டும் இருப்பார். ஒருநாள் போகிற போக்கில் பலகையின் ஓரத்தை விரலால் தொட்டு, "ஒரு மாசமா காயல, என்ன பெயிண்டோ" என்றார். அம்மா ஓடி வந்து பலகையைத் தூக்கிக்கொண்டார். "தொடாதீங்க அண்ணி!" அப்படியொரு குரலை அம்மாவிடம் நான் கேட்டதில்லை.

மறுநாள் அப்பாவுக்கு ஓய்வு. அண்ணனையும் என்னையும் கிள்ளான் துறைமுகத்துக்குக் கூட்டிப்போவதாக ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கப்பல் பார்க்கலாம், அப்படியே சித்தப்பா வீட்டில் சாப்பிடலாம். நான் முந்தின நாளே கவுனை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டேன்.

காலையில் அம்மா சொன்னார், "கட்டை வெரலு மட்டும் முடியல. நீ இருடா. இன்னொரு நாளு போலாம்."

அப்பாவைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மாவுக்கு வேலை இருக்கில்ல. அடுத்த லீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அண்ணன் படியிறங்கும்போது திரும்பி நாக்கை நீட்டினான்.

உட்கார்ந்தேன். மழை பிடித்துக்கொண்டது. அம்மா விரலை முடித்துவிட்டு, அந்தச் சுறுசுறுப்பில் உதட்டுக்குப் போனார். அன்று எப்படியோ அந்த உதடு வந்துவிட்டது. சிரிக்கிறதா, அழப்போகிறதா என்ற அந்த இடம். அம்மா நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார். "வந்திருச்சு" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு அடுப்பில் சோறு குழைகிற வாடை வந்து உள்ளே ஓடினார்.

நான் எழுந்து போய் என் கட்டை விரலை அந்த உதட்டில் வைத்து, கன்னம் வரைக்கும் இழுத்தேன்.

குளிர்ச்சியாக, வழுவழுவென்று இருந்தது. நன்றாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். விரலை உள்பாவாடையில் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கைமேல் கையாக வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அத்தை வாளியும் துடைப்பமுமாகக் கூடத்துக்குள் வந்து, பலகைக்குப் பின்னால் பெருக்க ஆரம்பித்தார்.

அம்மா திரும்பி வந்தார். கையில் கரண்டி. பலகையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யாரு தொட்டது?"

அம்மா என்னைப் பார்த்தார். அப்புறம் அத்தையைப் பார்த்தார்.

"அண்ணி, நேத்துதானே சொன்னேன்?"

"நான் பக்கத்துலயே வரலயே."

"நேத்தும் தொட்டீங்க."

"நேத்து ஓரத்துல தொட்டேன். இன்னைக்கு நான் தொடல. கர்த்தர் சாட்சி."

சாயங்காலம் அப்பா வந்தபோது இருவரும் ஆளுக்கோர் அறையில் இருந்தார்கள். அண்ணன் கையில் பேப்பர் கப்பல். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். அலுத்துப்போன முகத்தோடு என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"நீ இங்கதானே இருந்த? யாரு தொட்டா?"

நான் யோசித்த நேரம் ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இருக்காது.

"அத்தை அங்க பெருக்கிட்டு இருந்தாங்க."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் இத்தனை வருடமும் என்னை அறுக்கிறது.

அப்பா எழுந்து அத்தையின் அறை வாசலில் நின்றார். "அக்கா, தெரியாம பட்டிருக்கும். ஒரு சாரின்னு சொல்லிட்டா முடிஞ்சிரும்லா."

"செய்யாததுக்கா?"

"பிள்ள பொய் சொல்லாதுக்கா."

மறுநாள் காலை முதல் வண்டிக்கே அத்தை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பாதி சலித்த மாவு முறத்தில் அப்படியே இருந்தது. அந்தக் கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டில் கடையில் வாங்கின பிஸ்கட்.

அம்மா முகத்தைத் திரும்பவும் போட்டார். பத்து நாள் இரவு பகலாகப் போட்டார். அன்று வந்த உதடு வரவேயில்லை. பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை, பலகையைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனோம்.

ஸ்டூடியோக்காரர் அதை மேசைமேல் சாய்த்து வைத்துப் பார்த்தார். என்னையும் பார்த்தார், என் கைகளையும் பார்த்தார்.

"இந்தக் கை யாருது, பாப்பாவுதா?" சிரித்தார். "கை உயிரோட இருக்கு தங்கச்சி. எந்திரிச்சு வந்து கன்னத்துல அறைஞ்சிரும் போல இருக்கு. ஆனா மூஞ்சி செத்துக் கெடக்கு. எனக்கு வேண்டியது மூஞ்சிதானே?"

"இன்னும் ஒரு மாசம் கொடுத்தீங்கன்னா..."

"கோவிச்சுக்காதீங்க. கிள்ளான்ல ஒரு ஆளு கெடச்சிட்டாரு. வேகமா போடறாரு."

இதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் ஆத்திரம். கை எப்படி உயிரோடு வந்தது என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். கையைப் போட்ட மாதிரியே ஓர் ஆளை எதிரே உட்காரவைத்து முகத்தையும் போட்டுப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தன்னையே நாலு கோட்டில் வரைந்த பெண் அம்மாதான் என்பது அவருக்கு மறந்துவிட்டது. அம்மாவுக்கும் மறந்துவிட்டது. ஐந்நூறு வருடத்துக்கு முந்திய எவளோ ஒருத்தியைக் கட்டம் கட்டமாகக் கடன் வாங்கினால்தான் ஓவியர் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். அம்மா காதில் விழுந்தது 'செத்துக் கெடக்கு' என்பது மட்டும்தான். கையைப் பற்றிச் சொன்னதை அவர் கேட்கவே இல்லை. வரும் வழியில் நான் சொன்னபோதும், "சும்மா வாடி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பலகையைக் கவிழ்த்து அரிசி டிரம்முக்கு மூடியாகப் போட்டார். டியூப்புகள் காய்ந்து கல்லாகிவிட்டன. மீன்காரரையும் அதற்குப் பிறகு அவர் வரையவில்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வந்தது. குவார்ட்டர்ஸைக் காலிசெய்து கிள்ளானுக்குப் போனபோது டிரம்மும் மூடியும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.

அத்தை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அப்பாவும் ரவாங்குக்குப் போகவில்லை. அண்ணன் கல்யாணத்துக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அப்பா இறந்தார். அடக்கத்துக்கு அத்தை வந்து, கோயிலின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, மண் போடாமலே போய்விட்டார்.

அப்பா இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் சொல்ல நினைப்பேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட வேறு பாவங்களைத்தான் சொன்னேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கிள்ளானை அடுத்த மேருவில் என் வீட்டுச் சமையலறையில் இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். கண்ணீர் வந்தாலும் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் சொன்னேன்.

"தெரியும்" என்றார் அம்மா.

"எப்படிம்மா?"

"இருபது நாளு உன் கையத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன். உன் கட்டை வெரலு அளவு எனக்குத் தெரியாதா? உங்க அத்தை வெரலு எவ்ளோ அகலம். பாத்த ஒடனே தெரிஞ்சிருச்சு."

கத்தியை வைத்துவிட்டேன். "அப்புறம் ஏன் அத்தைய சொன்னீங்க?"

அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தார். "அவங்க வீட்டுல இருந்தா என்னால ஒண்ணும் வரைய முடியாதுன்னு தோணுச்சு. அந்த ஒரு லீவுக்குப் போயிட்டா போதும்னு நெனச்சேன். வராமலே போயிருவாங்கன்னு யாரு கண்டா?"

"அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவர் மேல் கோபப்பட நான் யார்? ஆனாலும் கோபப்பட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவருக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது, பேசினேன். அம்மா இருந்தவரை அத்தையிடம் போக முடியவில்லை. என் குற்றத்தைச் சொன்னால் அவருடையதும் கூடவே அவிழ்ந்து விழும்.

அம்மா இறந்து ஒரு வருடம் கழித்து, இந்த வருடத் தொடக்கத்தில், கிள்ளானிலிருந்து கம்யூட்டர் ரயில் ஏறி ரவாங்குக்குப் போனேன். அத்தைக்குத் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது. மகன் வீட்டு முன்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். மழுப்பாமல் சொல்லிவிட்டேன்.

"எந்தப் படம்?"

சொன்னேன்.

"ஓ, அந்த வெள்ளக்காரி." கை நிற்கவில்லை. "நான் தொடலன்னு எனக்குத்தான் தெரியுமே. என்கிட்ட வந்து எதுக்குச் சொல்ற? உங்கப்பன்கிட்டல்ல சொல்லியிருக்கணும்."

"தெரியும் அத்தை."

"என்ன தெரியும் உனக்கு? அவன் வண்டி வாரத்துல மூணு நாளு இங்க நிக்கும். நான் பாசாருக்குச் சாமான் வாங்கப் போற மாதிரி ஸ்டேஷன்ல போயி நிப்பேன். கடைசிப் பெட்டியிலேர்ந்து எட்டிப் பாப்பான். நான் அவனப் பாப்பேன், அவன் என்னப் பாப்பான். பச்சைக் கொடிய ஆட்டிட்டுப் போயிருவான். பதிமூணு வருஷம்."

"நீங்க ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாமே அத்தை."

"நான் எதுக்குக் கூப்பிடணும்? பிள்ள பொய் சொல்லாதுன்னு சொன்னது அவன்தானே?"

என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. அத்தை அடுத்த நெத்திலியை எடுத்தார். பிறகு கேட்டார்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா, நீதான்னு?"

"தெரியாது" என்றேன்.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வயதில் ஒரு மூச்சு நேரம் எடுத்துக்கொண்டேன். இப்போது அதுகூடத் தேவைப்படவில்லை.

"சரி. சொல்லிட்டல்ல. இப்ப ஒடனே உன்ன மன்னிக்கல்லாம் எனக்கு வரல. அடுத்த வாரம் வா, வருதான்னு பாப்போம்."

அடுத்த வாரம் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். இப்போது வியாழக்கிழமை என்றால் ரவாங்தான். குழுவில் வியாழன்று நான் பதில் போடுவதில்லை என்று கோபித்துக்கொள்கிறீர்களே, அதற்குக் காரணம் இதுதான். போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம், வர அதே அளவு. அத்தை முழங்கால் வலியைச் சொல்வார், பேரனைத் திட்டுவார், கோழிக் குழம்பு ஊற்றுவார். மன்னித்தாயிற்றா என்று நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. ஒவ்வொரு முறையும் ரயிலில் உட்கார்ந்து, இன்று அம்மாவின் பங்கையும் சொல்லிவிட வேண்டும், அத்தை முழு உண்மை தெரிந்தபின் மன்னிக்கட்டும், மன்னிக்காமல் போகட்டும் என்று முடிவுசெய்கிறேன்.

போன வியாழன் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நான் வாங்கிக்கொண்டுபோன நெத்திலிப் பொட்டலத்தை அத்தை பிரித்தார். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"உனக்குப் பாத்து வாங்கத் தெரியல. உங்கம்மா இதெல்லாம் நல்லா பாத்து வாங்குவா. அவளுக்கு அப்படி ஒரு கண்ணு."

ஐம்பது வருடத்தில் அம்மாவைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு முறத்தை என் பக்கம் இழுத்து, நெத்திலியின் தலையைக் கிள்ள ஆரம்பித்தேன்.